விருந்தாளிக்காக மூட்டிய கணப்பு

முன்னறைக்குள் காலை வைத்ததுமே டாஃப்னி ஹார்க்கருக்கு எரிச்சல் வந்தது. அறை கதகதவென்று இருந்தது. 'வீட்டில் கணப்பு வேலை செய்யவில்லை, புதிது போட வசதியில்லை, இந்தக் குளிர்காலத்தைத் தாண்ட உதவி வேண்டும்' என்று சங்கத்துக்கு எழுதிக் கேட்டவர்களின் வீடு இது. அதை நம்பி உள்ளே ஒரு கம்பளிச் சட்டை, அதற்கு மேலே ஒரு கம்பளி என்று மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். இங்கே பார்த்தால் பழைய செங்கல் அடுப்பு மாடத்துக்குள் பொருத்தியிருந்த காஸ் கணப்பு மஞ்சளும் ஆரஞ்சுமாக நாக்கை நீட்டி எரிந்துகொண்டிருக்கிறது. மேல்கம்பளியை எப்படிக் கழற்றுவது, கழற்றாமல் எப்படி உட்காருவது என்று தெரியாமல் நின்றாள்.

"வாங்க, வாங்க மிஸஸ் ஹார்க்கர். கோட்டைக் குடுங்க. மஸ்டர்ட் போனப்புறம் வேற நாய் ஒண்ணும் வளக்கலியா?" என்றார் வீட்டுக்காரர் லயனல் பிரையர்.

அந்த ஒரு கேள்வியில் எரிச்சல் பாதி போய்விட்டது. மஸ்டர்ட் செத்துப் பல வருஷம் ஆகிறது. கடைசி நாளில் அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஊசி போடுவதற்கு முன்னால் அதன் காதில் ஏதோ சொன்ன மிருக வைத்தியர் இந்த பிரையர்தான். என்ன சொன்னார் என்று டாஃப்னி அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. இங்கிலாந்தின் தென்கடலோரத்து ஊரான இந்த பெக்ஸ்ஹில்லில் நாயோ பூனையோ வளர்த்த யாருக்கும் அவரைத் தெரியும். பிறகு அவர் கை நடுங்க ஆரம்பித்தது. நடுங்குகிற கையில் கத்தியைக் கொடுத்து யார் தன் பூனையை நீட்டுவார்கள்? தொழில் போயிற்று. இருந்த சேமிப்பு மகன் தொடங்கிய படகு வியாபாரத்தோடு முழுகியது. மகன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான், கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வருகிறது.

சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் நாட்டில் ஏழைகளுக்கு அரசாங்கத்தின் ஜன்னல் இருக்கிறது. வரிசையில் நின்று, பெயரைச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பட்டம் வாங்கியவர்களும், ஒரு காலத்தில் வாசலில் பித்தளைப் பெயர்ப்பலகை மாட்டியிருந்தவர்களும் அந்த ஜன்னலுக்கு எதிர்ப்புற நடைபாதையில்தான் போவார்கள், அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு. டாக்டரின் விதவை, வழக்கறிஞர், பள்ளித் தலைமையாசிரியை, மிருக வைத்தியர். இவர்கள் பட்டினி கிடந்தாலும் கிடப்பார்களே தவிர வரிசையில் நிற்கமாட்டார்கள் என்று கண்டுகொண்ட யாரோ ஒரு பணக்காரச் சீமாட்டி அந்தக் காலத்தில் ஏற்படுத்திவிட்டுப் போனதுதான் படித்தோர் உதவிச் சங்கம். இங்கே வரிசை கிடையாது. சங்கத்தின் ஆள் உங்கள் வீட்டுக்கு வருவார், தேநீர் குடிப்பார், வானிலையைப் பற்றிப் பேசுவார், போய்விடுவார். பிச்சை கேட்ட மாதிரியும் இருக்காது, போட்ட மாதிரியும் இருக்காது. வந்தவர் என்ன எழுதுகிறாரோ அதைப் பொறுத்து மேலிடத்தில் முடிவு செய்வார்கள். பேங்க் மேனேஜரின் விதவையான டாஃப்னி இந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அழுகிறவர்களைவிடச் சிரிக்கிறவர்களின் வீட்டில்தான் கஷ்டம் அதிகம் என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் சொல்லுவாள்.

ஆகவே அவள் பார்த்தாள். சுவர்க் காகிதத்தில் படங்கள் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் நிறம் மங்காமல் சதுரம் சதுரமாகத் தெரிந்தன. கம்பளத்தில் பியானோவின் கால்கள் அழுந்திய பள்ளங்கள் இருந்தன, பியானோ இல்லை. மேசையில் மட்டும் ராஜ உபசாரம். ரோஜாப்பூ போட்ட கோப்பைகள், எலுமிச்சைக் கேக், தனியாக ஒரு தட்டில் பிஸ்கட். லயனலின் மனைவி ஐரிஸ் முத்துமாலை போட்டுக்கொண்டு தேநீர் ஊற்றினாள். கன்னம் இரண்டும் நன்றாகச் சிவந்திருந்தது. பட்டினி கிடக்கிற முகமாக இல்லை என்று டாஃப்னி நினைத்தாள். ஆனால் கேக்கும் முத்தும் அவளை ஏமாற்றிவிட முடியாது, அதெல்லாம் எல்லா வீட்டிலும் உண்டு. அந்தக் கணப்புதான் உறுத்தியது.

"கணப்பைப் பத்தி எழுதியிருந்தீங்களே..." என்று மெதுவாக ஆரம்பித்தாள்.

"அதுவா? அது கிழட்டுக் குதிரை மாதிரி. ஒரு நாள் எந்திரிக்கும், பத்து நாள் படுத்துக்கும். இன்னிக்கு உங்களப் பாத்ததும் அதுக்கு முறுக்கு வந்துடுச்சு."

"லயனல், அத அவங்ககிட்ட சொல்லித்தான ஆகணும்" என்றாள் ஐரிஸ்.

"ஐரிஸ், முதல்ல கேக்க வெட்டிக் குடு. அவங்க தட்டு காலியா இருக்கு பாரு."

தட்டு காலியாக இல்லை. ஐரிஸ் அதன் மேல் இன்னொரு துண்டை வைத்தாள். சொல்ல வேண்டியது என்ன என்று டாஃப்னி கேட்டிருக்கலாம். கேட்பதற்குத்தான் அவள் வந்திருந்தாள். ஆனால் ஒருவர் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பேச்சை மாற்றும்போது மறுபடி அதே இடத்துக்கு இழுப்பது நாகரிகம் இல்லை. காஸ் பாக்கி ஏதாவது இருக்கும், பிறகு தெரிந்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

பேச்சு சுரங்கத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குப் போனது, அதிலிருந்து பனிக்கு வந்தது. இந்த ஜனவரி மாதிரி குளிரைத் தான் பார்த்ததில்லை என்றார் லயனல். கடலோரத்துத் தண்ணீர்த் தேக்கங்கள்கூட உறைந்துவிட்டனவாம். டாஃப்னிக்கு நெற்றிப்பொட்டில் விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்திருந்தது. இரண்டு கம்பளி போட்டுக்கொண்டு நெருப்பின் முன்னால் உட்கார்ந்தால் வேறென்ன ஆகும்? ஜன்னலைக் கொஞ்சம் திறக்கச் சொல்லலாமா என்று நினைத்தாள். ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கம் ஈரம் கோத்துச் சொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் எப்படிச் சொல்வது? இருக்கிற சூட்டையெல்லாம் திரட்டி ஒருவர் விருந்தாளிக்கு வைத்திருக்கிறார், அதைப் போய் வேண்டாம் என்பதா? எதிரே ஐரிஸ் ஒரு கொட்டாவியை அடக்கப் பார்த்து, முடியாமல், கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "மன்னிச்சுக்கங்க, ராத்திரி சரியாத் தூங்கல" என்றாள். லயனல் இரண்டு விரலால் கண்ணுக்கு மேலே அழுத்திக்கொண்டிருந்தார். டாஃப்னி பார்த்ததும் கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். மூன்று பேருக்கும் தலைவலி. மூன்று பேரும் அடுத்தவர் மனம் புண்படக்கூடாது என்று வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. தூக்குமேடையில் ஏற்றினாலும் கயிறு கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்று சொல்லக் கூச்சப்படுவோம்.

வழக்கம்போலக் கழிப்பறை எங்கே என்று கேட்டுக்கொண்டு எழுந்தாள். இது சங்கத்து ஆட்களின் பழைய தந்திரம். முன்னறை விருந்தாளிக்கு, மாடிதான் வீட்டுக்காரனுக்கு. எழுந்தபோது முழங்கால் ஒரு நொடி தளர்ந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். கதவைத் தாண்டியதும் குளிர் முகத்தில் அறைந்தது, அது சுகமாகக்கூட இருந்தது. மாடியில் அவள் விட்ட மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது. குளியலறையில் தொங்கிய துண்டு விறைத்திருந்தது. படுக்கையறைக் கதவு ஒருக்களித்திருந்தது, கட்டிலின் மேல் வீட்டிலிருந்த கோட்டுகளை எல்லாம் விரித்துப் போர்வை ஆக்கியிருந்தார்கள். இரண்டு பேர் படுத்த பள்ளம் ஒட்டி ஒட்டி இருந்தது. டாஃப்னி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிழட்டுக் குதிரை கதையெல்லாம் வீறாப்பு, இவர்கள் குளிரில் செத்துக்கொண்டிருக்கிறார்கள், கேட்டதை முழுவதுமாகக் கொடுக்கச் சொல்லி எழுதுவேன் என்று அங்கே நின்றபடி தீர்மானித்தாள்.

கீழே வந்தபோது லயனல் அதே நாற்காலியில் இருந்தார், ஆனால் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தார். அவளைப் பார்த்துப் புன்னகைத்தார், யாரோ புதிதாக வந்த மாதிரி.

"உக்காருங்க, உக்காருங்க. நீங்க... உங்க வீட்ல நாய் இருந்துச்சா?"

டாஃப்னி ஐரிஸைப் பார்த்தாள். ஐரிஸ் தன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மஸ்டர்ட்" என்றாள் டாஃப்னி. "நீங்கதான் இப்ப அதோட பேரச் சொன்னீங்க."

"மஸ்டர்ட்! ஆமா. நல்ல பூனை." நாக்கு கொஞ்சம் குழறியது. சொல்லிவிட்டு அவரே சிரித்தார், அந்தச் சிரிப்பு தேவைக்கு மேல் நீண்டது. கோப்பையைத் தட்டில் வைக்கப் போனவர் தட்டுக்கு வெளியே வைத்தார். தேநீர் மேசை விரிப்பில் ஓடியது. நடுக்கம் என்று தள்ளிவிடலாம். நாக்குக் குழறலை எப்படித் தள்ளுவது?

அந்தச் சந்தேகம் அப்போதுதான் வந்தது. குடி. தான் மாடிக்குப் போன நேரத்தில் ஒரு வாய் ஊற்றிக்கொண்டுவிட்டார். இத்தனை வருஷ அனுபவத்தில் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறாள்! சரிந்த உடம்பு, அசட்டுச் சிரிப்பு, கண்ணில் ஒரு மிதப்பு. பியானோ எங்கே போயிற்று, படங்கள் எங்கே போயின என்பதற்கெல்லாம் சட்டென்று பதில் கிடைத்துவிட்டது. குனிந்து விரிப்பைத் துடைக்கிற சாக்கில் மூச்சை இழுத்துப் பார்த்தாள். வாசனை ஒன்றும் இல்லை. ஓட்காவுக்கு வாசனை இருக்காது என்று அவளுக்குத் தெரியும். மனம் கசந்துவிட்டது. மாடியில் நின்று கண் கலங்கினோமே என்று தன் மேலேயே கோபம் வந்தது. தலை வேறு பிளந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தாள்.

வாசல் நடையின் குளிரில் ஐரிஸ் அவளுக்குக் கோட்டை மாட்டிவிட்டாள். ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டிருந்தாள்.

"அவரத் தப்பா நெனச்சுக்காதீங்க. உங்கள மாதிரி ஒருத்தங்களக் குளிர்ல உக்கார வைக்க அவருக்கு மனசு வரல. காலைல எந்திரிச்சு, உங்களுக்காகத்தான் அத மூட்டினாரு. நான் வேணாம்னுதான் சொன்னேன்."

"எனக்காக இவ்ளோ செலவு பண்ணியிருக்க வேணாமே" என்றாள் டாஃப்னி, கொஞ்சம் விறைப்பாகவே.

"செலவுக்குச் சொல்லல. வந்து..."

"கதவ மூடு ஐரிஸ்! சூடெல்லாம் போகுது" என்று உள்ளேயிருந்து லயனலின் குரல் கேட்டது.

ஐரிஸ் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுப் புன்னகைத்தாள். "எப்படியும் மூட்டியாச்சு. நீங்க போனதும் கொஞ்ச நேரம் அதுக்கு முன்னாடி சும்மா உக்காந்துட்டு அப்புறமா அணைச்சுடுறோம். ரொம்ப நாளாச்சு, மிஸஸ் ஹார்க்கர்."

கதவு சாத்திக்கொண்டது. அதன் அடியில் ஒரு துண்டைச் சுருட்டித் திணிக்கிற சத்தம் வெளியே கேட்டது.

கடற்கரைச் சாலையின் பஸ் நிறுத்தத்தில் மூன்று பக்கமும் கண்ணாடி, நான்காவது பக்கம் கடல். காற்று கோட்டுக்குள் புகுந்து எலும்பைத் தேடியது. டாஃப்னி பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். குமட்டிக்கொண்டு வந்தது, எலுமிச்சைக் கேக் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தாள். என்ன எழுத வேண்டும் என்று மனத்துக்குள் வாக்கியங்கள் தாமாக அமைந்தன. வீட்டில் கணப்பு நன்றாகவே எரிகிறது. விண்ணப்பத்தில் சொன்னது உண்மையல்ல. மதுப்பழக்கம் இருக்கலாம் என்று கருத இடமுண்டு. 'கருத இடமுண்டு' என்பது அவளுக்குப் பிடித்த சொற்றொடர், யாரையும் நேரடியாகக் குற்றம் சொல்லாது. பஸ் தாமதமானது. சாலையெல்லாம் பனி உறைந்து கிடக்கையில் தாமதமாகாமல் என்ன செய்யும்? இருட்டத் தொடங்கியிருந்தது. தலைவலி மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்ததை அவள் கவனித்தாள், கடல் காற்றுக்கு நன்றி என்று நினைத்துக்கொண்டாள்.

பிரையர் வீடு இருந்த மேட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஒருத்தி, இரண்டு கையிலும் பையோடு வந்தவள், அவளைக் கண்டதும் நின்றாள். தலையில் சலவைக்கடையில் வேலை செய்கிறவர்கள் போடும் துணிக் குல்லாய்.

"ஏம்மா, நீங்கதான அந்தச் சங்கத்தம்மா? பிரையர் வீட்டுக்கு வந்தவங்க? நான் பக்கத்து வீடு, பெரில் கட்லர். கேக் எப்படி இருந்துச்சு? எலுமிச்ச தூக்கலாப் போயிடுச்சோ?"

"நீங்க செஞ்சதா அது?"

"பின்ன? கேக்கு என்னுது, தட்டு என்னுது, ரோஜாப்பூ கப்பு எங்க அக்காளுது. முத்துமாலையும் என்னுதுதான், நிஜ முத்துன்னு நெனச்சு ஏமாந்தீங்களா?" என்று சிரித்தாள். "நான் சொன்னேன், ஏங்க, வர்ற அம்மா கஷ்டத்தப் பாக்கத்தான வருது, கஷ்டத்த ஒளிச்சு வச்சா எதப் பாத்துக் குடுக்கும்னு. கேட்டாத்தான? படிச்சவங்க. சரி, நல்லாப் போத்திக்கிட்டாவது உக்காந்தீங்களா? அந்த ரூம்ல வாயத் தொறந்தா புகையா வருமே."

"இல்லியே. கணப்பு நல்லா எரிஞ்சுதே."

பெரில் கட்லரின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, அவள் அதை மறந்துவிட்ட மாதிரி.

"எந்தக் கணப்பு?"

"முன்னறையில, காஸ் கணப்பு."

"அதுக்குக் காஸ்காரங்க வந்து மூடி போட்டுட்டுப் போனாங்களேம்மா! அதக் கழட்டிட்டாரா? புகைபோக்கி பூரா காக்கா கூடு. தானே குச்சி விட்டுக் குத்தி எடுத்துட்டேன்னாரு மனுசன், நான் நம்பல. உசிரு மேல ஆசையிருந்தா தொடாதீங்கன்னாங்க, எம் முன்னாலதான் சொன்னாங்க. புகை மேல போவாம உள்ளயே நிக்குமாம். வாசனையே வராதாம். தல வலிக்குமாம், குடிச்சவன் மாதிரி உளறுவாங்களாம், அப்புறம் தூக்கம் வருமாம்..."

மிச்சத்தை டாஃப்னி கேட்கவில்லை. பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது. அவள் அதன் முன்னால் குறுக்கே ஓடினாள். கடைசியாக எப்போது ஓடினோம் என்று அவளுக்கு நினைவில்லை. உறைந்த மேட்டில் கால் வழுக்கியது, தொப்பி பறந்தது, பின்னால் பெரில் பைகளைப் போட்டுவிட்டு வருகிற சத்தம் கேட்டது. 'ஐயோ, சொல்ல வந்தாளே, அந்த நடையில் நின்று சொல்ல வந்தாளே, நான் செலவைப் பற்றிப் பேசினேனே' என்று வாய்விட்டே புலம்பிக்கொண்டு ஓடினாள்.

"எங்கிட்ட அவங்க வீட்டுச் சாவி இருக்கு" என்று கத்திவிட்டுப் பெரில் தன் வீட்டுக்குள் பாய்ந்தாள். இழுப்பறைகளை உருவித் தரையில் கொட்டுகிற சத்தம் தெருவுக்குக் கேட்டது.

டாஃப்னி பிரையர் வீட்டு வாசலில் நின்று மணியை அழுத்தினாள். அழுத்திவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து, கலைந்த தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, காத்திருந்தாள். தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது பிறகுதான் உறைத்தது. தன்னையே ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டாள். மண்டியிட்டுக் கடிதம் போடும் துவாரத்தின் மூடியைத் தள்ளினாள். உள்ளே நடையின் குளிர்தான், இருட்டுத்தான். முன்னறைக் கதவின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது.

"ஐரிஸ்! லயனல்!" என்று அலறினாள். அவர்களைப் பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தடவை.

பூந்தொட்டி ஒன்று மண்ணோடு உறைந்து கல்லாகிக் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். விளிம்பு அவள் மார்பு உயரத்தில் இருந்தது, ஏறிக் குதிக்கிற வயது இல்லை. முதல் வீச்சில் கண்ணாடி விரிசல் விட்டது, அடுத்ததில் உடைந்து உள்ளே கொட்டியது. கையைக் கிழித்ததைக்கூட அவள் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து வெதுவெதுப்பாக, ஈரமாக ஒரு காற்று முகத்தில் வந்து பட்டது. முகத்தைத் திருப்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு திரைச்சீலையை இழுத்தாள்.

நாற்காலிகளை நெருப்புக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டிருந்தார்கள். மேசையை ஒழித்து, அக்காளுடைய கோப்பைகளைக் கழுவி ஒரு துணியின் மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். லயனலின் முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. ஐரிஸ் தலையை அவர் தோளில் சாய்த்திருந்தாள். விருந்தாளி போய்விட்டாள் என்று காலணிகளைக் கழற்றிச் சேர்த்து ஓரமாக வைத்துவிட்டு, காலுறையையும் உருவிவிட்டு, வெறும் பாதங்களைக் கணப்பின் முன்னால் நீட்டியிருந்தாள். குளிரில் வெடித்துப் புண்ணான, வீங்கிய பாதங்கள்.

"ஐரிஸ்!"

பக்கத்து வீட்டில் பெரில் "கெடச்சிருச்சு, கெடச்சிருச்சு" என்று கத்துவது கேட்டது. கடலிலிருந்து வந்த காற்று டாஃப்னியின் தோளைத் தாண்டி உடைந்த ஜன்னல் வழியாக உள்ளே போனது. திரைச்சீலை எழும்பியது, மேசை விரிப்பின் நுனி எழும்பியது, கணப்பின் மஞ்சள் நாக்குகள் ஒரு பக்கமாகப் படுத்தன. டாஃப்னி ஜன்னல் விளிம்பைப் பற்றிக்கொண்டு அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள், குளிருக்கு ஒரு விரலாவது மடங்குகிறதா என்று.